வெளிநாட்டுக்காரங்களுக்குன்னு கட்டின மாடி

மேல ஏறிப் பார்த்துட்டீங்கள்ல? உக்காருங்க தம்பி. அதுல இல்ல, அது எங்க வீட்டுக்காரரோட நாற்காலி. இதுல உக்காருங்க.

வாடகை ஜாஸ்தின்னு உங்க முகமே சொல்லுது. சொல்லட்டும். ரெண்டு ரூமுக்கும் ஏசி. ரெண்டுக்கும் தனித்தனி பாத்ரூம். குளிக்கறதுக்குக் கண்ணாடி தடுப்பு வெச்சிருக்கேன், இந்த வேலாயுத நகர்லயே வேற எந்த வீட்லயும் கிடையாது. சமையல்கட்டுதான் இல்ல. இருந்துச்சு, இடிச்சுட்டோம். அந்த ரெண்டாவது பாத்ரூம் இருக்கே, அதான் சமையல்கட்டு. பால்கனியில ஒரு கடப்பாக்கல் போட்டுத் தர்றேன், அடுப்பு வெச்சுக்குங்க. மழை வந்தா கொஞ்சம் சாரல் அடிக்கும், அவ்வளவுதான்.

சமையல்கட்டை யாராவது இடிப்பாங்களான்னுதான பாக்கறீங்க? வர்றவன் எல்லாரும் இதே மாதிரிதான் பாக்கறான். நானா ஆசைப்பட்டு இடிச்சேன்? இடிக்க வெச்சானுங்க. ஆசிய சைக்கிள் போட்டி நடந்துச்சே நம்ம ஊர்ல, அப்ப நீங்க இங்க இல்லையா? சேலத்துலயா? கொடுத்து வெச்சவர் நீங்க.

அந்த ஜன்னல் வழியாப் பாருங்க. தெரியுதா, பெரிய அண்டாவைக் கவுத்து வெச்ச மாதிரி? அதான் சைக்கிள் ஸ்டேடியம். உள்ள ஓடுபாதை எல்லாம் மரத்துல செஞ்சது, வெளிநாட்லேர்ந்து கப்பல்ல வந்த மரம். தரை சமமா இருக்காது, சுத்திச் சாய்ஞ்சு போகும், அதுல மனுஷன் நிக்கக்கூட முடியாது. போட்டி முடிஞ்சதும் கல்யாணத்துக்கு விடலாம்னு பார்த்தாங்க, பந்தி போட முடியல. கட்சிக் கூட்டத்துக்கு விடலாம்னு பார்த்தாங்க, நாற்காலி சரிஞ்சு போகுது. இப்ப பூட்டுதான் தொங்குது. கரையான் ஏறிடுச்சுன்னு வாட்ச்மேன் சொல்றான். அந்த மரத்தோட விலைக்கு நம்ம நகருக்கே பாதாள சாக்கடை போட்டிருக்கலாம். போட்டானுங்களா? வீட்டு வரியைத்தான் ஏத்தினானுங்க. சர்வதேச ஸ்டேடியம் இருக்கற ஏரியாவாம் இது, வரி அதுக்குத் தக்கன கட்டணுமாம்.

ஆரம்பத்துலேர்ந்து சொல்றேன் கேளுங்க. ஆபீஸுக்கு லீவுதான இன்னிக்கு?

போட்டி வரப்போகுதுன்னு தெரிஞ்சதும் கல்யாண மண்டபத்துல ஒரு கூட்டம் போட்டாங்க. ஜெயசிம்மன்னு ஒருத்தன் வந்தான். கோட்டு போட்டிருந்தான், இந்த வெயில்ல. திரையில படம் போட்டுக் காட்டினான். வெளிநாட்டுல ஏதோ ஒரு ஊராம், வெறும் மீன் பிடிக்கற ஊரு, ஒரே ஒரு போட்டி வந்துச்சாம், வீட்டுக்கு வீடு லாட்ஜ் ஆகி எல்லாரும் பணக்காரங்க ஆயிட்டாங்களாம். முப்பது நாட்டுக்காரங்க வர்றாங்க, ஹோட்டல் பத்தாது, உங்க வீட்டைத்தான் கேக்கப் போறாங்க, மேற்கத்திய மாதிரி பாத்ரூம் இல்லேன்னா ஒருத்தனும் படி ஏற மாட்டான்னான். பதிவுக் கட்டணம்னு வாங்கிக்கிட்டு வாசல்ல ஒட்டறதுக்கு ஒரு ஸ்டிக்கர் கொடுத்தான். ஸ்டிக்கர் பளபளன்னு நல்லாத்தான் இருந்துச்சு.

எங்க வீட்டுக்காரர் அப்பவே சொன்னார். "நமக்கு எதுக்கு சௌந்தரம் இதெல்லாம்? மாடியில ஆள் இருக்கு, மாசமானா வாடகை வருது, விடு"ன்னார். ரிட்டயர் ஆன மனுஷனுக்கு வேற எப்படிப் பேச வரும்? எதிர்வீட்டு சிதம்பரநாதன் டூரிஸ்ட் வேன் எடுத்துட்டார், கோடிவீட்ல மாடி மேல இன்னொரு மாடி கட்றாங்க, நான் மட்டும் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கணுமா? வீட்டு மேல கடன் வாங்கினேன். என் பேர்லதான் வீடு. எங்கப்பா கொடுத்தது.

மாடியில அப்ப ரெஜினான்னு ஒருத்தி குடியிருந்தா. ஆஸ்பத்திரியில நர்ஸு. புருஷன் ஆரோக்கியம் பள்ளிக்கூட வேன் ஓட்டறவன். ஒரே பொண்ணு, ஜென்சி. அது ஒண்ணாங்கிளாஸ் சேர்ந்தப்ப குடிவந்தாங்க, பிளஸ் டூ வரைக்கும் இருந்தாங்க. அவ்வளவு வருஷம் யாரு வெச்சிருப்பா சொல்லுங்க? நான் வெச்சிருந்தேன். மீன் வறுத்தா வாசனை கீழ வரைக்கும் வரும், ஒரு வார்த்தை சொன்னதில்ல. ஜன்னலை மட்டும் சாத்திக்குவேன், டமார்னு, அவளுக்குக் கேக்கற மாதிரி.

எங்களுக்குப் பிள்ளை இல்ல. அதனால இவர் அந்தப் பொண்ணைக் கூட வெச்சுக்கிட்டே இருப்பார். கணக்கு சொல்லிக் கொடுக்கறேன், பேப்பர் படிச்சுக் காட்டறேன்னு. அந்தப் பொண்ணும் "பெரியப்பா, பெரியப்பா"ன்னு இவர் மடியை விட்டு இறங்காது. இவருக்குச் சக்கரை உண்டு. தினம் காலையில டூட்டிக்குப் போறதுக்கு முன்னாடி ரெஜினா கீழ வந்து இன்சுலின் ஊசி போட்டுட்டுப் போவா. காசெல்லாம் வாங்க மாட்டா. நான் கொடுக்கலேன்னு நினைக்காதீங்க. அவ வாங்க மாட்டா. ஊசி போடறது அவ தொழில்தான, அதுல என்ன இருக்கு?

தீபாவளி முடிஞ்சு அவளைக் கூப்பிட்டேன். மரியாதையாத்தான் பேசினேன். காபி கொடுத்துட்டுத்தான் பேசினேன். "ரெஜினா, பொங்கலுக்குள்ள வீட்டைக் காலி பண்ணிடும்மா, பிப்ரவரியில வெளிநாட்டுக்காரங்க வர்றாங்க, அதுக்குள்ள பாத்ரூம் கட்டணும்"னேன்.

அவ டம்ளரைக் கீழ வெச்சுட்டா. "அக்கா, ஜென்சிக்கு மார்ச்சுல பரீட்சை. முடிஞ்ச மறுநாளே போயிடறோம்க்கா. நடுவுல வீடு மாத்தினா புள்ள படிப்பு கெட்டுடும்"னா.

"மார்ச்சுல போறதா இருந்தா போட்டிக்காரன் மார்ச்சுலயா வருவான்?"னேன். நியாயமான கேள்விதான?

"வேணும்னா வாடகையைக் கூட்டிக்குங்கக்கா"ன்னா.

"நீ கூட்டிக் கொடுக்கறதும் டாலரும் ஒண்ணாம்மா?"ன்னேன். அவ எந்திரிச்சுட்டா. காபியைக் குடிக்காமப் போயிட்டா. அது ஒரு திமிர்தான, நீங்களே சொல்லுங்க.

எங்க பார்த்தாலும் வாடகை ஏறிப்போச்சு அப்ப. எல்லாரும் வீட்டைக் காலி பண்ணி வெச்சுக்கிட்டுப் போட்டிக்குக் காத்திருக்கானுங்க, குடும்பத்துக்கு எவன் விடுவான்? அதுங்க கடைசியில ரயில்வே கேட் தாண்டி ஒரு ஷீட் போட்ட வீட்டுக்குப் போச்சுங்க. ஜென்சி போறப்ப இவர்கிட்ட வந்து நின்னுச்சு. இவர் உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டார். அன்னிலேர்ந்து எங்கிட்ட சரியாப் பேசறதில்ல. நான் யாருக்காகக் கடன் வாங்கினேன்? எனக்கா?

ஊசியா? அவ போனப்புறம் இவரே போட்டுக்கிட்டார். சில நாள் மறந்துடுவார். எனக்கு ஊசின்னாலே பயம், நான் என்ன பண்றது?

போட்டிக்கு முன்னாடி ஊரைச் சுத்தம் பண்ணினானுங்க. அந்த வாய்க்கால் கரையோரம் குடிசைங்க இருக்குல்ல, வெள்ளைக்காரன் கண்ணுல படக்கூடாதுன்னு அதை மறைச்சுத் தகரம் அடிச்சாங்க. அதுல சைக்கிள் படம், மயில் படம் எல்லாம் வரைஞ்சிருந்தாங்க. அது நல்ல காரியம், நான் தப்பு சொல்ல மாட்டேன். கண்ணுக்கு ஒரு லட்சணம் வேணும்ல? ஆனா மறுநாள் காலையில எந்திரிச்சுப் பார்க்கறேன், தகரம் நம்ம தெரு முனை வரைக்கும் வந்து நிக்குது. தெருவையே அடைச்சுட்டானுங்க! ஓடிப்போய்க் கேட்டேன். "இந்தத் தெருவும் லிஸ்ட்ல இருக்குங்கம்மா, பார்வைக்குச் சரியா இல்லியாம்"னான் தகரம் அடிக்கறவன். என் வீட்டுக்குப் புதுசா பெயின்ட் அடிச்சு ஈரம்கூடக் காயல. "டேய், நாங்களும் அந்தக் குடிசைக்காரனுங்களும் ஒண்ணாடா?"ன்னு கேட்டேன். "எனக்கு அளவு கொடுத்தாங்க, நான் அடிக்கறேன்"னான். மயிலை எங்க தெருவுக்கே முதுகு காட்டி வரைஞ்சு வெச்சிருந்தான்.

இந்தப் போட்டியால இந்த ஊர்ல காசு பார்த்தவன் ஒருத்தன் உண்டுன்னா, தகரத்தை வாடகைக்கு விட்டவன்தான். கவுன்சிலரோட மச்சினன். இப்பக் கார்ல போறான்.

போட்டி ஆரம்பிச்சுது. வர்றானுங்க, வர்றானுங்கன்னு வாசல்லயே உக்காந்திருக்கேன். வெள்ளை பெட்ஷீட்டு விரிச்சு, தலையணை உறை மாத்தி, பூச்செண்டு வெச்சு. ஒருத்தன் வரல. வீரனுங்க எல்லாரையும் ஏர்போர்ட்லேர்ந்து நேரா பைபாஸ்ல இருக்கற பெரிய ஹோட்டலுக்கு பஸ்ல கூட்டிட்டுப் போயிட்டாங்க. சாப்பாடு அங்கேயே, கடை அங்கேயே. பார்க்க வர்ற ஜனம்? வெளிநாட்லேர்ந்து சைக்கிளைப் பார்க்க எவன் வருவான்? உள்ளூர்க்காரனுக்கே பாஸ் கொடுக்கல. பள்ளிக்கூடப் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வந்து கொடி கொடுத்து உக்கார வெச்சாங்க, டிவியில கூட்டம் தெரியணுமாம். ஜெயசிம்மனுக்குப் போன் பண்ணினா, "மேடம், கடைசி நாள் ரோடு ரேஸ் இருக்கு, அன்னிக்குக் கூட்டம் அள்ளும்"னான். அதுக்கப்புறம் அந்த நம்பர் எடுக்கவே இல்ல.

சிரிக்காதீங்க தம்பி. சிரிக்கலியா? சரி.

அந்தக் கடைசி நாள்லதான் வந்துச்சு வினை. காலையில பெரிய ரோட்ல ரேஸு. ரெண்டு பக்கமும் கயிறு கட்டி, போலீஸ் நிக்குது. குருவிகூடக் குறுக்க போகக்கூடாதாம். நான் மாடியில பாத்ரூம் குழாயைத் துடைச்சுக்கிட்டிருக்கேன், கீழ தொப்புன்னு சத்தம். இறங்கி வந்தா இவர் இந்த இடத்துல, இதோ நீங்க கால் வெச்சிருக்கீங்களே, இங்கதான் கிடக்கார். வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு. கை எழும்பல. என்னமோ சொல்றார், ஒண்ணும் விளங்கல.

ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணினேன். சீக்கிரம்தான் வந்தான், பொய் சொல்லக்கூடாது. ஆனா பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கறான். ரேஸ் போயிட்டிருக்கு, கடக்க விட மாட்டேங்கறாங்க. சுத்தி வந்தா தகரம். சைரன் சத்தம் கேக்குது தம்பி, எனக்கு நல்லாக் கேக்குது, வண்டி வரல. தெருவுல ஓடிப்போய்த் தகரத்தைத் தட்டினேன். கையெல்லாம் கிழிஞ்சுது. அந்தப் பக்கம் ஸ்பீக்கர்ல எவனோ இங்கிலீஷ்ல கத்திக்கிட்டிருக்கான், இவன் முந்தறான், அவன் முந்தறான்னு.

யாரைக் கூப்பிடறதுன்னு தெரியல. இவர் போனை எடுத்தேன். கடைசியாப் பேசின நம்பர் எல்லாம் ரெஜினா, ரெஜினா, ஜென்சி, ரெஜினா. எனக்குத் தெரியாம இத்தனை நாளும் பேசிட்டிருந்திருக்கார். அந்த நேரத்துலயும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஆனா கூப்பிட்டேன். வேற யாரு இருக்கா?

அவளுக்கு ரேஸுல முதலுதவி டென்ட்ல டூட்டி போட்டிருந்தாங்களாம், பக்கத்து முனையில. "அண்ணனைச் சரிச்சுப் படுக்க வைங்கக்கா, தண்ணி கொடுத்துடாதீங்க, வர்றேன்"னா. என்ன ஏதுன்னு ஒரு கேள்வி கேக்கல. தகரத்துக்கு நடுவுல இடுக்கு வழியாப் புகுந்து ஓடி வந்தா, யூனிஃபார்ம் தோள்ல கிழிஞ்சு தொங்குது. நல்லவதான். நான் இல்லேன்னு சொல்லல. ஆனா அடுத்து பண்ணினா பாருங்க ஒரு காரியம்.

குப்பை அள்ள பேட்டரி வண்டி வருமே, பச்சைக் கலர்ல? அன்னிக்கு அந்த வண்டிக்கு மட்டும்தான் எல்லா இடத்துக்கும் போக பாஸு, தகரத்துலயும் வாய்க்கால் பக்கமா அது மட்டும் நுழையற அளவுக்கு ஒரு சின்ன வழி விட்டிருந்தாங்க. ரோட்ல ஒரு தாள் கிடக்கக்கூடாதே, அதனால. அந்த வாய்க்கால் கரைப் பொம்பளை ஒருத்தி அதை ஓட்டுவா, பேரு எனக்குத் தெரியாது. ரெஜினா கையைக் காட்டி அவளை நிறுத்தி, அதுல இருந்த நாலு குப்பை டப்பாவையும் என் வாசல்லயே கவுத்துப் போட்டு, "அக்கா, மேல விரிச்சிருக்கற பெட்ஷீட்டை எடுத்துட்டு வாங்க"ன்னு எனக்கு உத்தரவு போடறா. வெளிநாட்டுக்காரனுக்குன்னு வாங்கின பெட்ஷீட்டு, அதைக் குப்பை வண்டியில விரிச்சா. அவளும் அந்தக் குப்பைக்காரியுமா இவரைத் தூக்கி அதுல படுக்க வெச்சாங்க. இவர் எப்படிப்பட்ட மனுஷன், சட்டையில கசங்கல் இருந்தா வாசப்படி தாண்ட மாட்டார்.

பெரிய ரோட்ல எஸ்.ஐ. மறிக்கறார். "பாஸ் வண்டிக்குத்தான், ஆளுக்கு இல்ல"ங்கறார். ரெஜினா வண்டியை விட்டு இறங்கி அந்தக் கயிறைத் தூக்கினா. "இவரு செத்தா உங்க பேரைத்தான் எழுதுவேன் சார், தள்ளுங்க"ன்னு கத்தினா. அப்படி ஒரு குரலை அவகிட்ட நான் கேட்டதே இல்ல. என் வீட்ல இருந்த வரைக்கும் வாய் திறந்து ஒரு சத்தம் போட்டதில்ல. குப்பை வண்டி ரோட்டைக் கடக்குது, சைக்கிள்காரனுங்க எல்லாம் பிரேக் போட்டு நிக்கறானுங்க, கேமரா எல்லாம் திரும்பிடுச்சு. அந்தப் பக்கம் நின்ன ஆம்புலன்ஸ்ல மாத்தி ஏத்தினாங்க. நேரத்துல கொண்டு வந்ததால உயிர் தப்பிச்சுதுன்னு டாக்டர் சொன்னார். சரி, சந்தோஷம். ஆனா உலகமே பார்த்துடுச்சே! அமெரிக்காவுல இருக்கற என் தங்கச்சி மகன் போன் பண்ணிக் கேக்கறான், "பெரியப்பாவை ஏன் பெரியம்மா குப்பை வண்டியில ஏத்தினீங்க?"ன்னு. இன்னிக்கும் விசேஷ வீட்டுக்குப் போனா எவளாவது ஒருத்தி அதைக் கேக்காம இருக்கறதில்ல. ஒரு ஸ்ட்ரெச்சருக்குச் சொல்லி, கொஞ்சம் பொறுத்து, கௌரவமாக் கொண்டு போயிருக்கலாம். அவசரக்காரி.

அந்த பெட்ஷீட்டு? கறை போகவே இல்ல.

அப்புறம் என்ன, போட்டி முடிஞ்சு தகரத்தைப் பிரிச்சுட்டுப் போயிட்டாங்க. சிதம்பரநாதனோட வேனை பேங்க்காரன் இழுத்துட்டுப் போனான். கோடிவீட்டு ரெண்டாவது மாடி இன்னும் பூசாம நிக்குது. எனக்குக் கடன் நிக்குது. நானும் மனசைப் பெரிசு பண்ணிக்கிட்டு, ஒரு கிலோ ஆப்பிள் வாங்கிக்கிட்டு, ரெஜினா வீட்டுக்கே போனேன். "நடந்தது நடந்துபோச்சும்மா, மாடிக்கே திரும்பி வந்துடுங்க"ன்னேன். வாடகை கொஞ்சம் கூட்டித்தான் கேட்டேன். ஏசி போட்டிருக்கேனே, கூட்டாம எப்படி?

அவ சிரிச்சா தம்பி. "எங்களுக்கு சமையல்கட்டு வேணும்க்கா"ன்னா. டீ கொடுத்தா, நான் குடிச்சுட்டுத்தான் வந்தேன். அவளை மாதிரி மிச்சம் வெக்கல.

ஜென்சியா? டாக்டருக்குப் படிக்கணும்னு கனவு கண்டுட்டிருந்துச்சு. வீடு மாத்தின கலாட்டாவுல மார்க்கு குறைஞ்சு போச்சுன்னு அவங்கம்மா நினைப்பு. வாய் விட்டுச் சொல்லல, ஆனா நினைப்பு அதான், எனக்குத் தெரியும். படிக்கற பிள்ளை எங்க இருந்தாலும் படிக்கும். இப்ப நர்ஸிங் படிக்குது. அம்மா நர்ஸு, பொண்ணும் நர்ஸு, இதுல என்ன குறைஞ்சு போச்சு? சாயந்தரமானா இவர் கம்பை ஊன்றிக்கிட்டு ரயில்வே கேட் தாண்டி நடந்து அவங்க வீட்டுக்குத்தான் போறார். ரெஜினா கைக்குப் பயிற்சி கொடுக்கறாளாம், பேசறதுக்குப் பயிற்சி கொடுக்கறாளாம். ராத்திரிச் சாப்பாட்டுக்குத்தான் இங்க வர்றார். அங்க நல்லாப் பேசறாராம். இங்க வந்தா ஒரு சத்தம் வராது.

சரி, நம்ம விஷயத்துக்கு வருவோம். அட்வான்ஸ் பத்து மாசம். மாசம் அஞ்சாம் தேதிக்குள்ள வாடகை. அக்ரிமென்ட்ல ஒண்ணு மட்டும் தனியா எழுதிடுவேன், அப்புறம் வந்து சண்டை போடக்கூடாது. நான் சொன்னா பதினஞ்சு நாள்ல காலி பண்ணிடணும். ஏன்னா, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, அடுத்த வருஷம் ஆசிய நீச்சல் போட்டி நம்ம ஊருக்கு வருதாம். குளம் வெட்ட இடம் பார்த்துட்டுப் போயிருக்காங்க. கவுன்சிலர் மச்சினனே சொன்னான். நீச்சல்னா சைக்கிள் மாதிரி இல்லையாம், குடும்பம் குடும்பமா வருவாங்களாம். இந்தத் தடவை நான் நம்பறேன். பாத்ரூம்தான் ஏற்கெனவே ரெடியா இருக்கே.

என்ன யோசிக்கறீங்க? சம்சாரத்தைக் கூட்டிட்டு வந்து ஒரு தடவை காட்டுங்களேன்... இருங்க, கேட் சத்தம். இவர்தான். இன்னிக்கு சீக்கிரமே வந்துட்டார். வாங்க, வாங்க. பார்த்து வாங்க, படி. இந்தத் தம்பி மாடிக்கு வர்றார்ங்க. பேங்க்ல வேலை, சேலத்துக்காரர்.

என்ன? என்ன சொல்றீங்க?

தம்பி, வாய் குழறும் இவருக்கு, நீங்க தப்பா எடுத்துக்காதீங்க. வேணாம்னு சொல்லல. காபி வேணுமான்னு உங்களைக் கேக்கறார். அவ்வளவுதான். கையை எதுக்கு ஆட்றார்னா, அது நரம்புத் தளர்ச்சி, தானா ஆடும்.

எந்திரிச்சுட்டீங்களே. உக்காருங்க தம்பி, வாடகை வேணும்னா கொஞ்சம் பார்த்துப் பண்ணிக்கலாம்... யோசிச்சுச் சொல்றீங்களா? போன் நம்பராவது... சரி. போங்க. எல்லாரும் போங்க. கேட்டைச் சாத்திட்டுப் போங்க.

ஏங்க, ரெண்டு வருஷமா என்னை ஒரு தடவை பேர் சொல்லிக் கூப்பிட வாய் வரல உங்களுக்கு. தண்ணி வேணும்னாக்கூடக் கையைத்தான் காட்டறீங்க. இந்த ஒரு வார்த்தை மட்டும் எப்படிங்க இவ்வளவு தெளிவா வருது?